பவுலின் முகர்ந்து பார்த்தது

பன்னிரண்டு இறால் தின்றும் நான் சாகவில்லை. இதைவிடப் பெரிய துரோகத்தை எனக்கு யாரும் செய்ததில்லை.

கிறுக்கச்சி என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். விசாரணை அறையிலும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுக்குமாடி வீடுகளில் நாய் கூடாது, பூனை கூடாது என்று சங்கங்கள் ஆளுக்கொரு தீர்மானம் போட்ட பிறகு ஊரெல்லாம் பல்லி வளர்க்க ஆரம்பித்தது உங்களுக்கே தெரியும். சிறுத்தைப் பல்லி, தாடி ஓணான் என்று வகைவகையாக வந்தன. குரைக்காது, முடி கொட்டாது, வீட்டுக்காரர் கண்ணிலும் படாது. ஆனால் அதற்கு உயிருள்ள பூச்சிதான் தீனி. வீட்டுக்கு ஒரு பெட்டி சுவர்க்கோழிப் பூச்சி வந்தது. பெட்டியிலிருந்து அதன் எச்சமும் உரித்த தோலும் தூசியாகக் கிளம்பின. ஜனங்களுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இறாலில் இருக்கிற அதே புரதம்தான் சுவர்க்கோழியிலும் இருக்கிறதாம். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் ஒத்துக்கொள்ளாது.

அந்தப் புரதத்தை மட்டும் மாற்றிய சுவர்க்கோழியை 'மென்சிறகு' என்ற கம்பெனி தூத்துக்குடிக்கு வெளியே ஒரு கொட்டகையில் வளர்க்கத் தொடங்கியது. அங்கே ஒவ்வாமைக்காரர் ஒருவர் தேவை என்று விளம்பரம் வந்தது. நான் இறால் உரிக்கும் ஆலையில் நான்கு வருடம் இருந்து, அதனாலேயே இறால் வாசனை பட்டால் உதடு வீங்குகிறவளாகி வெளியே வந்தவள். கடற்கரையில் பிறந்தவளுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று சொல்லத் தேவையில்லை. என் புருஷன் வலன்டின் விசைப்படகில் எஞ்சின் பார்க்கிறவர். என்னால் முடியாத ஒன்றுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றதும் இருவருக்கும் சிரிப்புதான் வந்தது.

நேர்காணலில் கம்பெனி டாக்டர் ஹம்சவர்தன் இருந்தார். சின்ன வயசுக்காரர், முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்குகிறவர்.

"மிஷின் இருக்கும்லா சார்? மனுசி எதுக்கு?" என்று கேட்டேன்.

"மிஷின் ஒரு தட்டுல பத்துப் பூச்சியைத்தான் எடுத்துப் பார்க்கும். தட்டுல இருபதாயிரம் இருக்கு. நாங்க மாத்தின புரதம் சில தலைமுறை போனா அங்கங்க பழையபடி திரும்பிடுது. எதுல திரும்பியிருக்குன்னு மிஷினுக்குத் தெரியாது. தட்டோட தூசியை மொத்தமா ஒருத்தர் சுவாசிச்சா உடம்பு சொல்லிடும்."

"ஒடம்பு சொல்லுததுக்குள்ள உயிரு போயிட்டா?"

"ஒவ்வாமையை முறிக்கிற ஊசி உங்க கையிலயே இருக்கும்மா. நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிப்பேன்."

நின்றார். அதை இல்லையென்று சொல்லமாட்டேன். கண்ணாடி அறையில் ஒரு தட்டுக்கு இருபது நிமிடம் உட்காருவேன். நாக்கின் அடியில் அரித்தாலோ கையில் தடித்தாலோ மணியை அமுக்குவேன். அந்தத் தட்டு நேராக நெருப்புக்குப் போகும். வாரத்துக்கு ஒன்றிரண்டு போனது. மிச்சமெல்லாம் பெட்டிகளாகி, 'பவுலின் முகர்ந்து பார்த்தது' என்ற எழுத்தோடும் பல்லைக் காட்டும் என் படத்தோடும் கடைக்குப் போயின. எனக்குப் பெருமைதான். அதுவரை என் படம் கல்யாண ஆல்பத்தைத் தாண்டிப் போனதில்லை.

பெட்டியில் போட்டிருந்த எண்ணுக்கு யார் யாரோ பேசினார்கள். அம்பத்தூரிலிருந்து தணிகாசலம் என்ற மனிதர் ஞாயிறு தவறாமல் பேசினார். லேத் பட்டறையில் ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை, தனி வீடு. துணைக்கு ஒரு சிறுத்தைப் பல்லி. அதற்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார். சாதாரண சுவர்க்கோழியால் ஒருமுறை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, மேஸ்திரியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தபோது எங்கள் பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது.

"நீ மோந்து பாத்துட்டன்னா நான் கண்ண மூடிக்கினு தொறப்பேம்மா. அந்த ஊசியக்கூட இப்பல்லாம் பையில வெச்சிக்கறதில்ல" என்பார்.

பிறகு ஐந்து மாதமாக ஒரு தட்டும் எனக்கு அரிக்கவில்லை. மேனேஜர் கருணாகரன் லட்டு வாங்கிக் கொடுத்தார். "நம்ம பூச்சி திருந்திடுச்சுங்க" என்றார். அதே நாட்களில் தணிகாசலம் பேசும்போது நடுநடுவே இருமினார். இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீள இழுப்பு.

"என்னண்ணே இப்பிடி இருமுதிய?"

"மார்கழிப் பனிம்மா."

"பனியாத்தான் இருக்கும். தட்டெல்லாம் சுத்தமாத்தான் வருது" என்றேன். இந்த வாயால் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தை மாதம் வலன்டினின் அக்கா, ஜெயசீலி மதினி, தன் மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வீட்டில் சாப்பாடு போட்டார். என் சாப்பாடு எப்போதும் தனிச் சட்டியில் இருக்கும், மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அன்று கோயில் மண்டபத்திலிருந்து பாத்திரம் வந்ததில் மூடிகள் மாறிவிட்டன. காய்ந்த கூனி இறாலைப் பொடித்துப் போட்ட வடை இரண்டை நான் தின்று முடித்த பிறகுதான் மதினி பார்த்தார். ஐயோ என்று அவர் வைத்த கூச்சலில் பந்தியே எழுந்துவிட்டது. வலன்டின் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி போனது. அரை மணி போனது. எனக்கு ஏப்பம் வந்தது.

"மாதா கண்ணத் தொறந்துட்டா!" என்று மதினி அழுதார். எனக்குச் சுகமானால் வெள்ளியில் மார்பு உரு செய்து மாதா கோயிலில் வைப்பதாக அவர் நேர்ந்திருந்தாராம். எனக்கே தெரியாது. வலன்டின் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரோ ஒரு தட்டு இறால் வறுவலைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏழு வருடம் கழித்து நான் இறால் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். என்ன ருசி!

பதின்மூன்றாவது கையில் இருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இறால் ஒத்துக்கொள்கிறது என்றால் பூச்சியும் ஒத்துக்கொள்கிறது. பூச்சி ஒத்துக்கொள்கிறது என்றால் ஐந்து மாதமாக அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நான் என்னத்தைக் கிழித்தேன்?

இறாலைத் தட்டில் போட்டுவிட்டுத் தணிகாசலத்துக்குப் போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை கம்பெனிக்குள் நுழைந்ததும் வழக்கம்போல சத்துக்கஞ்சி வந்தது. ஆடியிலிருந்து தினமும் எனக்கு மட்டும் வரும் கஞ்சி. 'மூச்சுக்காரம்மா தெம்பா இருக்கணும்' என்று மேற்பார்வையாளர் தம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்பார். என்ன அக்கறை என்று நான்கூட உருகியிருக்கிறேன். எனக்கு அரிப்பு நின்றது அந்தக் கஞ்சி வர ஆரம்பித்த பிறகுதான் என்று இப்போதுதான் கணக்குப் போட்டேன். அந்தத் தம்ளரை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். டாக்டரும் அங்கே இருந்தார்.

"இதுல என்ன சார் கலக்கிருக்கு?"

கருணாகரன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுதியளா, நான் இத ஒங்க மண்டையில ஊத்தட்டா?"

டாக்டர்தான் வாயைத் திறந்தார். "சுவர்க்கோழி மாவும்மா. சாதா சுவர்க்கோழி. மொதல்ல கடுகளவு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினோம். உடம்பு பழகிக்கும். ஒவ்வாமைக்கு இது ஒரு வைத்தியமுறைதான்..."

"வைத்தியமா? எனக்குத் தெரியாம என் சோத்துல போட்டதுக்குப் பேரு வைத்தியமா? கடுகளவுல எனக்குத் தொண்ட அடச்சிருந்தா?"

"அதான் நான் பக்கத்துலயே..." என்று முனகினார்.

கருணாகரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருடைய மரியாதைதான் எனக்கு ரத்தத்தைக் கொதிக்க வைத்தது.

"அம்மணி, கொஞ்சம் உக்காருங்க. வாரம் ரெண்டு தட்டு நெருப்புல போச்சுன்னா கம்பெனி நிக்குமுங்களா? உங்களுக்கும் நல்லதுதானுங்களே நடந்திருக்குது. நோய் போயிடுச்சுன்னு சண்டைக்கு வர்ற மொத ஆளு நீங்கதானுங்க."

"நோய் எனக்குப் போயிட்டு. பெட்டி வாங்குதவனுக்குப் போயிட்டா? அவன் என் மூஞ்சியப் பாத்துல்லா வாங்குதான்! கடையில கெடக்கதையெல்லாம் திருப்பி எடுங்க. இன்னைக்கே எடுங்க."

"எடுக்கலாமுங்க. ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே? அரிக்கலைன்னு எழுதினீங்க. பொய்யா எழுதினீங்க? இல்லீங்களே. உங்களுக்கு நெசமாவே அரிக்கலை."

கஞ்சியை அவர் மேஜையில் கொட்டிவிட்டு வந்தேன். அவர் மண்டையில் கொட்டாதது இன்றுவரை எனக்கு வருத்தம்தான்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் டாக்டர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "புகார் குடுத்தீங்கன்னா ரத்தத்தைச் சோதிப்பாங்க. இப்போதைக்கு அது உங்களுக்கு எதிராத்தான் பேசும். கஞ்சியை நிறுத்துங்க. இறால், நண்டு எதுவும் தொடாதீங்க. மூணு நாலு மாசத்துல ஒவ்வாமை திரும்பலாம். ஆனா முன்னைவிட மூர்க்கமாவும் வரலாம்."

"நீங்க வந்து சாட்சி சொல்லுவியளா?"

அவர் திரும்பிக் கொட்டகையைப் பார்த்து நடந்தார். என்னைவிட நல்ல படிப்பு, என்னைவிட நல்ல சம்பளம், முதுகெலும்பு மட்டும் கிடையாது.

அன்று சாயங்காலம் தணிகாசலம் கிடைத்தார். பேசுவதைவிட இழுப்பதுதான் அதிகமாகக் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைத் தெருவில் வையுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினேன்.

"கம்பெனிலேந்து போன் வந்துச்சும்மா. உன்ன வேலைய வுட்டு தூக்கிட்டாங்களாமே. அந்தக் கோவத்துல பேசுற நீ."

"கோவந்தான். ஆனா பொய் இல்லண்ணே. நானே சொல்லுதேன், அதுல வெசம் இருக்கு."

"உம் படம் இன்னும் பெட்டில கீதும்மா. சிரிச்சிக்கினு கீற. யாரோ உன்ன மெரட்டி இப்டி பேச வெக்கிறாங்க. நீ கவலப்படாத, உம் பேரு கெடாம நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் எண்ணை அவர் எடுக்கவே இல்லை. தன் நுரையீரல் கத்துவதைவிட என் படம் அவருக்குப் பெரிதாகிவிட்டது. அப்படி நம்ப வைத்தவள் நான்தான்.

சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தேன். டாக்டர் சொன்னதுபோலவே நடந்தது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, நல்ல ஆரோக்கியமாக இருக்கிறீர்கள், எதற்கு இந்தப் புகார் என்றார்கள். கஞ்சி காய்ச்சிய அண்டாவை என்றைக்கோ கழுவிவிட்டார்கள். விசாரணைக்குத் தேதி வர நாலு மாதமாகும் என்றார்கள். நாலு மாதம் எனக்குப் போதும் என்று வீட்டுக்கு வந்தேன்.

வலன்டினுக்கு அது தாங்கவில்லை. "மாதா குடுத்த சொகத்த வேண்டாங்கியா?"

"மாதா குடுக்கல. கருணாகரன் குடுத்தான்."

"எவன் குடுத்தா என்ன? ஏழு வருசமா நான் கடல்லேந்து வந்து, குளிச்சி, சட்டைய மாத்திட்டுத்தான் ஒம் பக்கத்துல உக்காருதேன். இப்பத்தான் ஒரு மாசமா மனுசனா வீட்டுக்குள்ள வாரேன். அது ஒனக்குப் பொறுக்கலையா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என் வீட்டு நிம்மதியையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்களே என்று அன்று சுவரில் தட்டை விட்டெறிந்தேன். அவர் குனிந்து அதைப் பொறுக்கினார். மறுநாளிலிருந்து மறுபடியும் துறைமுகத்திலேயே குளித்துவிட்டு வர ஆரம்பித்தார்.

நாலு மாதத்தில் ஒருநாள் கடைக்குப் போனபோது பார்த்தேன். நான் வேலையில் இல்லை, அந்தக் கண்ணாடி அறையில் யாருமே இல்லை, ஆனாலும் புதுப் பெட்டிகளில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பெட்டியிலிருந்த என் முகத்தை நானே நகத்தால் சுரண்டினேன். கடைக்காரர் ஆளைக் கூப்பிட்டு என்னை வெளியே தள்ளினார்.

விசாரணை அந்தத் துறை ஆபீசின் மூன்றாவது மாடியில் நடந்தது. அதிகாரி திலகவதி மேடம், ஒரு வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தையை நடத்துகிறவர்போல அலுப்போடு உட்கார்ந்திருந்தார். அதிகாரிகளே கடையில் வாங்கிய மூன்று பெட்டிகள் மேஜையில் இருந்தன. "ஒவ்வாமை திரும்பிவிட்டது என்கிறார். சரி, கம்பெனி முறைப்படியே முகர்ந்து காட்டட்டும். இருபது நிமிடம். கதவு, ஜன்னல் மூடியிருக்கணும், விசிறி கூடாது" என்றார் கம்பெனி வக்கீல். எனக்கும் அதுதான் வேண்டும். என் ஊசி என் மடியில் இருந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று கீழே நின்றது. வலன்டினை வராதீர்கள் என்று சொல்லியிருந்தேன்.

மூடிகளைத் திறந்தார்கள். கிர்ரென்று சத்தம் அறையை நிறைத்தது. நான் ஆழமாக இழுத்தேன்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. எட்டு நிமிடம் ஒன்றுமில்லை. கருணாகரன் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். வா, வந்து தொலை என்று என் உடம்பை நானே திட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் யாரும் இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருக்கமாட்டார்கள்.

அப்போது பின்னாலிருந்து இருமல் கேட்டது. இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இழுப்பு. அது பாதியில் அமுங்கியது.

திரும்பினேன். நான் அதுவரை பார்த்திராத ஒரு மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். துண்டைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு, உதடு தடித்துத் தொங்கியது. பழைய ஒவ்வாமைக்காரர் ஒருவரே எங்கள் பூச்சியால் சௌக்கியமாக இருக்கிறார் என்று சாட்சி சொல்லக் கருணாகரன் அவரை அம்பத்தூரிலிருந்து காரில் அழைத்துவந்திருக்கிறார். அந்த அறைக்குள் அவரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அந்த மண்டையில் உதிக்கவே இல்லை. தான் விற்பதைத் தானே நம்பிவிட்டார்.

"தணிகாசலம் அண்ணே!"

அவர் கையை அசைத்தார். நீ உன் வேலையைப் பார் என்கிற மாதிரி.

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மடியிலிருந்த ஊசியை அவர் தொடையில் வேட்டியோடு சேர்த்துக் குத்தி, பத்து எண்ணும்வரை பிடித்துக்கொண்டேன். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், யாரோ பெட்டிகளை மூடினார்கள். வாயிலிருந்து துண்டைப் பிடுங்கினேன். "ஏன்யா அடக்குனிய? யாருக்காவ அடக்குனிய?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"நான் இருமினா... உம் பேரு..." என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர் பிழைத்துக்கொள்வார் என்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "வருத்தமான சம்பவம்தான் மேடம். ஆனால் சாட்சி வயதானவர், ஏற்கெனவே நுரையீரல் நோயாளி. இன்றைய சோதனை அவருக்கு இல்லை, இந்தம்மாவுக்கு. இவர் உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. அதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு மனிதன் செத்துப் பிழைத்த இடத்தில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கின் அடியில் அரித்தது.

முதலில் கொஞ்சம். பிறகு காது மடல். பிறகு இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சிவந்து எழும்பியது. டாக்டர் சொன்னது சரிதான், முன்னைவிட வேகமாக வந்தது. காலி ஊசி தரையில் கிடந்தது. ஆம்புலன்ஸ் போய்விட்டது. திலகவதி மேடம் பதறி எழுந்து, "வண்டி! யாராவது என் வண்டியை எடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினார். கருணாகரன் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

நான் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையை நீட்டி மேடத்தின் காகிதத்தின் மேலேயே வைத்தேன்.

"எழுதுங்க மேடம்," என்றேன். குரல் அதற்குள் கரகரத்துவிட்டது. "பதினாறாவது நிமிசம். எடது கை. மொதல்ல எழுதுங்க, பொறவு ஆஸ்பத்திரி."

"அம்மா, உங்க உயிர்..."

"எழுதுங்க!"

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.